இந்த ரிவ்யூவை எழுதியது யார்?

பிஎச்டி சேர்ந்த இரண்டாவது வருஷம். ஒரு நாள் சாயங்காலம் கைட் கூப்பிட்டு, ஸ்டேப்ளர் அடித்த ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து, “படிச்சுப் பார்த்து ஒரு ரெண்டு பக்கம் கமெண்ட் எழுதிக் குடும்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்” என்றார். ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்திலும் வரிக்கு வரி எண் போட்டிருந்தது, படமெல்லாம் கடைசியில் மொத்தமாக இருந்தது, எந்த ஜர்னலில் வந்த பேப்பர் என்று தேடினால் எங்கேயும் பெயர் இல்லை. பக்கத்து மேஜை அக்காவிடம் கேட்டேன். “இன்னும் வெளியே வரலைம்மா. போடலாமா வேண்டாமான்னு ஜர்னல் அதே துறைக்காரர்கிட்ட கருத்துக் கேக்கும்ல, அந்த ரிவ்யூவுக்கு சாருக்கு வந்தது. அவருக்கு வர்றதையெல்லாம் நாமதான் எழுதுவோம். இத்தனை நாள் நான், இனிமே நீ” என்று சிரித்தார்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். பதினேழு கேள்வி. சார் அதில் இரண்டு வாக்கியத்தைத் திருத்தி, தன் லாகின்னில் போய் அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய பேப்பரில் நான் தப்பு கண்டுபிடித்திருக்கிறேன்! ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன், எந்த நாடு, எந்த யுனிவர்சிட்டி, என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது வரைக்கும். அப்பாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தப் பேப்பர்காரர்கள், வெளிச்சம் பட்டால் சாயத்தை வெளுக்க வைக்கும் ஸின்க் ஆக்சைடு பொடியை 450 டிகிரியில் சுட்டிருந்தார்கள். நாங்கள் 600-ல் சுட்டுக்கொண்டிருந்தோம், எங்கள் துகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மெத்திலின் புளூ என்ற சாயக் கரைசலில் போட்டு வெளிச்சத்தில் வைத்தால் மத்தியானம் வரைக்கும் நீலம் போகாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் சுடுகிற அடுப்பான மஃபிள் ஃபர்னஸை 450-க்குத் திருப்பி வைத்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக டீ குடித்துவிட்டு வருவதற்குள் பீக்கரில் நீலம் பாதி வெளுத்திருந்தது. நான் இதை யாரிடமும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. 450 ஒன்றும் பரம ரகசியம் கிடையாது, தேடினால் ஏற்கெனவே வந்த பத்து பேப்பரிலாவது இருக்கும் என்று இன்றைக்கு எனக்கே நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் அந்தப் பத்தைப் பார்த்து மாற்றவில்லை. இன்னும் அச்சேறாத ஒருவருடைய பேப்பரைப் பார்த்து மாற்றினேன். அந்தப் பேப்பர் வெளியே வர அதற்கப்புறம் எட்டு மாதம் ஆனது.

இதையெல்லாம் இப்போது தோண்டி எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் டிபார்ட்மென்ட்டில் ரிசர்ச் எதிக்ஸ் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். சரி, ஒரு நல்ல உதாரணமாகச் சொல்வோம் என்று தேடிப் போய் ஒரு பழைய கேஸைப் படித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைந்தது.

1978 நவம்பர். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சில் ஹெலெனா வாக்‌ஸ்லிக்ட்-ராட்பார்ட் என்று ஓர் இளம் ஆய்வாளர், ஜெஸ்ஸி ராத் என்பவருடைய லேபில் இருக்கிறார். பட்டினி கிடந்தே உடம்பை வற்றவிடும் அனோரெக்சியா நோயாளிகளின் ரத்த அணுக்களில் இன்சுலின் எப்படி ஒட்டுகிறது என்று ஒரு பேப்பர் எழுதி நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு அனுப்புகிறார். ஜர்னல் அதை யேல் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஃபெலிக்குக்கு ரிவ்யூவுக்கு அனுப்புகிறது. டயபடீஸ் ஆராய்ச்சியில் அவர் பெரிய கை. அவர் என்ன செய்தார்? எங்கள் சார் செய்ததைத்தான் செய்தார். தனக்குக் கீழே இருந்த விஜய் சோமன் என்பவரிடம் பேப்பரைக் கொடுத்தார். இந்தியாவிலிருந்து போன உதவிப் பேராசிரியர். சோமனும் அதே விஷயத்தில் வேலை செய்ய உத்தேசித்திருந்தவர். பேப்பரைப் போட வேண்டாம் என்று ஃபெலிக் பெயரில் ரிவ்யூ போனது. சோமன் கையில் ஒரு ஜெராக்ஸ் நின்றது.

சில வாரம் கழித்து சோமனும் ஃபெலிக்கும் சேர்ந்து அதே விஷயத்தில் ஒரு பேப்பரை அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஜர்னல் அதை ரிவ்யூவுக்கு யாரிடம் அனுப்பியது தெரியுமா? ஜெஸ்ஸி ராத்திடம். ராத் என்ன செய்தார்? அவரும் லேபில் இருந்த ராட்பார்டிடம் நீட்டினார். கதையில் எழுதினால் நம்ப மாட்டோம். தன் பேப்பரிலிருந்த வாக்கியங்கள் அப்படியே வேறொருவர் பேப்பரில் வரிசையாக உட்கார்ந்திருப்பதை, அதை மதிப்பிட உட்கார்ந்த இடத்திலேயே அந்தப் பெண் பார்க்கிறார். சுமார் அறுபது சொற்கள் வரிக்கு வரி ஒன்று.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் கசப்பு. ராத்தும் ஃபெலிக்கும் சின்ன வயசிலிருந்தே நண்பர்கள். இருவரும் பேசி, ராட்பார்டின் பேப்பர் முதலில் வரட்டும், இவர்களுடையது பின்னால் வரட்டும் என்று சுமுகமாக முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். ராட்பார்ட் விடவில்லை. ஜர்னல் எடிட்டருக்கு எழுதினார், யேல் டீனுக்கு எழுதினார், இந்த ஆய்வு உண்மையிலேயே நடந்ததா என்று யாராவது போய்ப் பாருங்கள் என்று ஒரு வருஷத்துக்கு மேல் கரடியாய்க் கத்தினார். நடுவில் சலித்துப்போய் ஆய்வகத்தையே விட்டு மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்விட்டார். கடைசியில் 1980 பிப்ரவரியில் ஜெஃப்ரி ஃப்ளயர் என்ற ஹார்வர்டு மருத்துவர் யேலுக்குப் போய் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார். ஒரே நாளில் விஷயம் வெளியே வந்துவிட்டது. இருக்க வேண்டிய டேட்டா இல்லை, இருந்ததும் பேப்பரோடு ஒத்துப்போகவில்லை, சோமன் ஒப்புக்கொண்டார். பத்துக்கும் மேற்பட்ட பேப்பர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைத் தலைவராகப் போன கையோடு ஃபெலிக் அதே 1980-ல் பதவியை விட வேண்டி வந்தது.

ஃபெலிக் டேட்டாவை ஜோடித்தார் என்று யாரும் சொல்லவில்லை. அவர் செய்தது, வந்த பேப்பரை எடிட்டருக்குச் சொல்லாமல் கைமாற்றியதும், கீழே இருந்தவர் எழுதியதில் கையெழுத்துப் போட்டதும். நம்மூர் லேப்களில் தினம் நடப்பது அதுதான். நம்மூர் என்று மட்டும் ஏன் சொல்ல வேண்டும், 2019-ல் ஈலைஃப் ஜர்னலில் ஒரு சர்வே வந்தது, 498 இளம் ஆய்வாளர்களிடம் கேட்டிருக்கிறார்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேர் தங்கள் பெயரே வராமல் அடுத்தவருக்காக ரிவ்யூ எழுதிக் கொடுத்தவர்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, “அப்ப ஸ்காலர்கிட்ட கொடுக்கவே கூடாதா மேம்? நாங்க எப்படி ரிவ்யூ பண்ணக் கத்துக்குறது?” என்றான். நியாயமான கேள்வி. தாராளமாகக் கொடுக்கலாம், எடிட்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். ‘என் மாணவி ஒருத்தியோடு சேர்ந்து இதைப் பார்க்க விரும்புகிறேன், அவள் பெயர் இது’ என்று ஒரு மெயில். அவ்வளவுதான் வேலை. ஜர்னல்களுக்கான எதிக்ஸ் அமைப்பான கோப் 2013-ல் ரிவ்யூவர்களுக்கென்று போட்ட வழிகாட்டியிலேயே இது இருக்கிறது, 2017-ல் அதைப் புதுப்பித்தார்கள், அதிலும் இருக்கிறது. என்னுடைய அனுபவத்தில் எந்த எடிட்டரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

இந்த வேலையைப் பத்து வருஷமாகச் செய்ததில் எனக்குப் பட்டது இது. பிளைண்ட் ரிவ்யூ, கான்ஃபிடென்ஷியல், அனானிமஸ் என்று எல்லாமே இருட்டில் நடப்பது மாதிரி ஒரு பிரமை நமக்கு வந்துவிடுகிறது. பேப்பர் எழுதியவருக்கு நான் யாரென்று தெரியாது, சரி. வெளியாருக்கு இப்படி ஒரு பேப்பர் இருப்பதே தெரியாது, அதுவும் சரி. ஆனால் எடிட்டருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அவரிடம் சொல்ல நாக்கு கூசுகிற எதையாவது செய்துகொண்டிருக்கிறேன் என்றால் அங்கேயே தப்பு ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். பக்கம் பக்கமாக விதிகள் இருக்கின்றன, எனக்கு இந்த ஒன்று போதுமாக இருக்கிறது.

போட்டியாளர் பேப்பர் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிவ்யூ செய்யச் சொல்லி ஜர்னல் அனுப்பும் அழைப்பு மெயிலில் தலைப்பும், பேப்பரின் சுருக்கமான அப்ஸ்ட்ராக்டும்தான் வரும். முழு பிடிஎஃப் வேண்டுமென்றால் ‘சம்மதம்’ பொத்தானை அமுக்க வேண்டும். நம் லேபில் ஒரு பெண் ஒன்றரை வருஷமாக உருட்டிக்கொண்டிருக்கும் அதே வேலையை வேறொரு குரூப் முடித்து அனுப்பியிருக்கிறது என்பது அப்ஸ்ட்ராக்டிலேயே தெரிந்துவிடும். நேர்மையாக இருப்பதென்றால் அங்கேயே கழன்றுகொள்ள வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும். கெட்டிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்றால், சம்மதத்தை அமுக்கி, பிடிஎஃபை இறக்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து ‘நேரமில்லை, மன்னிக்கவும்’ என்று எழுதிவிடுவார்கள். அதைவிடப் பெரிய கெட்டிக்காரர்கள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று மாதம் உட்கார்ந்திருப்பார்கள், அதற்குள் தங்கள் பேப்பர் முந்திக்கொள்ளும்.

எனக்கு ஒருமுறை இப்படி வந்தது. என் கை அந்தப் பொத்தானுக்குப் போகவே இல்லை என்று எழுதினால் பொய். அரைமணி நேரம் திறந்தே வைத்திருந்தேன். அப்புறம் விஷயத்தை விவரித்து எடிட்டருக்கு எழுதினேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. அந்த குரூப் பேப்பர் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, என் மாணவி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவளுக்கு நான் எடிட்டருக்கு எழுதிய கதை தெரியாது, சொல்லவும் கூடாது இல்லையா, அந்தப் பேப்பர் ரிவ்யூவில் இருந்ததே ரகசியம்தானே.

இந்த இடத்தில் எனக்கு அதங்கோட்டாசான் ஞாபகம் வரும். தொல்காப்பியம் அரங்கேறியபோது பாண்டியன் அவையில் அதைக் கேட்டுச் சரிபார்த்தவர் அவர் என்று பாயிரம் சொல்கிறது. நம் மொழியில் பெயர் தெரிந்த முதல் ரிவ்யூவர் என்று வைத்துக்கொள்ளலாமா? நச்சினார்க்கினியர் அங்கே ஒரு கிளைக்கதை சொல்வார். அகத்தியருக்கும் தொல்காப்பியருக்கும் மனஸ்தாபம். அவன் நூலை நீ கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் அகத்தியர் சொல்லிவிட்டார். தொல்காப்பியரோ திரும்பத் திரும்ப வந்து நீங்கள் கேட்டே ஆக வேண்டும் என்கிறார். மனுஷன் மாட்டிக்கொண்டார். இரண்டு பேர் கோபமும் வேண்டாம், கேட்போம், கேட்டு முழுக்கக் குற்றமாகச் சொல்லிவிடுவோம் என்று முடிவுசெய்கிறார். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொல்லிவிட, நூல் தப்பித்தது. உரைகாரர் சொல்லும் கதை, நடந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் மேலே ஒரு பெரியவரின் நிழல் விழுந்த நிலையில் கேட்க உட்காரும் ஆசானின் சங்கடம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் துறையில் எல்லோரும் யாரோ ஒருவருடைய மாணவர்கள்.

நல்ல ரிவ்யூவர் எப்படி இருப்பார் என்று கேட்டால் நான் ராபர்ட்சனைச் சொல்வேன். 1936-ல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் கிடையாது என்கிற மாதிரி ஒரு பேப்பர் எழுதி ஃபிசிக்கல் ரிவ்யூ என்ற ஜர்னலுக்கு அனுப்பினார்கள். எடிட்டர் ஜான் டேட் அதை ரிவ்யூவுக்கு அனுப்ப, அங்கேயிருந்து பத்துப் பக்கத்துக்குக் குறிப்பு வந்தது, கணக்கில் இங்கே சறுக்கியிருக்கிறது என்று. ஐன்ஸ்டைனுக்கு வந்ததே கோபம். அச்சாகுமுன் யாரிடமும் காட்ட நான் உங்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்று எழுதி, பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஜர்னலுக்குப் போய்விட்டார். அந்தக் குறிப்பை எழுதியவர் ஹோவர்டு ராபர்ட்சன், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனுக்கு ஏறக்குறைய பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. வேறு யாராக இருந்தாலும் ‘ஐன்ஸ்டைனையே மடக்கினவன் நான்’ என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். அவர் வாயைத் திறக்கவில்லை. ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டோடு பேச்சுவாக்கில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, தப்பு எங்கே என்று அவருக்குப் புரிய வைத்தார். பேப்பர் கடைசியில் முடிவு தலைகீழாகத் திருத்தப்பட்டு வெளியே வந்தது. அந்த ரிவ்யூவர் யார் என்பது ஜர்னலின் பழைய பதிவேட்டிலிருந்து வெளியே தெரிந்தது 2005-ல், ராபர்ட்சன் இறந்து நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு.

நானும் ஒருமுறை யாரையோ மடக்கப் போய் மாட்டத் தெரிந்தேன். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு பேப்பர். வெறும் ஸின்க் ஆக்சைடு, மூன்று சதம் சில்வர் சேர்த்தது, இரண்டுக்கும் எக்ஸ்ஆர்டி படம், அதாவது எக்ஸ்ரே பாய்ச்சிப் படிக அமைப்பைக் காட்டும் கோட்டுப் படம், மேலும் கீழுமாகப் போட்டிருந்தார்கள். சில்வர் சேர்த்ததும் பீக், அதாவது கோட்டில் எழும் உச்சி, லேசாக இடது பக்கம் நகர்கிறது என்று கட்டுரை சொல்கிறது. படத்தில் நகர்ந்த மாதிரி தெரியவில்லை. எக்ஸ்ஆர்டியில் பீக்குகளுக்கு நடுவே அடிக்கோடு சும்மா இருக்காது, அறுத்த வயலில் தாள்கட்டை மாதிரி முள்முள்ளாக நிற்கும். அது மெஷினின் இரைச்சல், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வேறு மாதிரி வரும், ஒரே சாம்பிளை இரண்டு தடவை ஓட்டினாலும் ஒன்றுபோல் வராது. பக்கத்தை இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னலில் வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். முள்ளுக்கு முள் பொருந்தியது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

அந்த நிமிஷம் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது அசிங்கமான சந்தோஷம். திருடனைப் பிடித்துவிட்டேன் என்று உள்ளே ஒரு துள்ளல். எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட விரல் பரபரத்தது. இப்படிக் கண்டுபிடிப்பவர்களுக்கு ஆன்லைனில் இப்போது நல்ல மவுசு வேறு. ரிவ்யூ ஃபார்மில் இரண்டு பெட்டி இருக்கும், ஒன்று ஆத்தருக்கு, ஒன்று எடிட்டருக்கு மட்டும். ஆத்தருக்கான பெட்டியில் ‘இது ஃபிராடு’ என்று எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டு, எடிட்டருக்கான பெட்டியில் நான்கு வரி எழுதினேன்: இரண்டு கோடும் ஒன்றாக இருக்கிறது, மூல டேட்டாவைக் கேட்டுப் பாருங்கள், காரணம் எனக்குத் தெரியாது.

ஆறு வாரம் கழித்துத் திருத்திய பேப்பர் வந்தது, கூடவே மெஷினிலிருந்து எடுத்த மூல ஃபைல்களும். ஆரிஜின் சாஃப்ட்வேரில் படம் வரையும்போது டேட்டாவின் ஒரே நெடுவரிசையை இரண்டு தடவை செலக்ட் செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான். நான் ஃபைல்களை எடுத்து நானே வரைந்து பார்த்தேன், இரைச்சல் வேறு வேறாக இருந்தது, பீக் நிஜமாகவே நகர்ந்திருந்தது. குரூப்பில் போட்டிருந்தால் முன்பின் தெரியாத யாரோ ஒரு ஸ்காலரின் பெயர் அன்றைக்கே நாறியிருக்கும். நான் செய்த தப்பு எனக்குத் தெரிய வருவதற்கு வழியே இருந்திருக்காது.

தெரிந்தே செய்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த மைக்கேல் டான்சிங்கர் ஒரு பேப்பர் அனுப்பி, அது நிராகரிக்கப்பட்டு, அப்புறம் பார்த்தால் அதை ரிவ்யூ செய்தவரே நோயாளிகளை மட்டும் இத்தாலிக்காரர்களாக மாற்றித் தன் பெயரில் வேறு ஜர்னலில் போட்டிருந்தார். 2016-ல் டான்சிங்கர் அந்த ஆளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், தன் பேப்பரை நிராகரித்த அதே ஜர்னலிலேயே அது வந்தது. கடிதத்தில் ஆள் பெயரைச் சொல்லவில்லை. படித்துப் பாருங்கள், அத்தனை நிதானமான கோபத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சைட்டேஷன் கேட்கிற, அதாவது தங்கள் பேப்பரை மேற்கோள் காட்டச் சொல்கிற ஜாதி தனி. எங்களுக்கு வந்த ஒரு ரிவ்யூவில் ‘ஆத்தர்கள் அண்மைக்கால ஆய்வுகளைக் கவனிக்கவில்லை’ என்று ஆறு பேப்பர் பட்டியல். ஆறிலும் ஒரே பெயர் பொதுவாக இருந்தது. அதில் ஒன்று சிமெண்ட் பற்றியது. நாலைச் சேர்த்துக்கொண்டோம், வேறென்ன செய்வது, மாணவிக்கு தீசிஸ் சப்மிட் பண்ண வேண்டும். 2024-ல் ஹைட்ரஜன் எனர்ஜி ஜர்னல் ஒன்றில் வந்த பேப்பரில் ஆத்தர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘ரிவ்யூவர்கள் வலியுறுத்திக் கேட்டதால் இவற்றைக் குறிப்பிடுகிறோம், எங்கள் வேலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதி, பக்கத்தில் பதின்மூன்று ரெஃபரன்ஸை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். அது அப்படியே அச்சாகியும் விட்டது! எடிட்டர் என்று ஒருவர் நடுவில் இருந்தாரா என்றே சந்தேகம். எடிட்டருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று மேலே எழுதினேன் இல்லையா, தெரிந்துகொள்ள விரும்பாத எடிட்டர் வாய்த்தால் என் சித்தாந்தம் அங்கே படுத்துவிடும். ஒப்புக்கொள்கிறேன்.

தாமதத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. யுஜிசி 2022-ல் போட்ட விதியில் பிஎச்டிக்குப் பேப்பர் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள், ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் கணக்குக்கு இன்னும் கேட்கின்றன. ஃபெல்லோஷிப் முடிந்துபோய், ஹாஸ்டலில் தங்க முடியாமல், வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டு, ‘அண்டர் ரிவ்யூ’ என்ற இரண்டு வார்த்தையைத் தினம் காலையில் போய்ப் பார்க்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். முடியாதென்றால் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இப்போது புதுசாகச் சாட்ஜிபிடி. பிடிஎஃபைத் தூக்கி அதில் போட்டு, ரிவ்யூ எழுதித் தா என்று கேட்கிறார்கள். எங்கள் சார் பேப்பரை எனக்குக் கொடுத்தாரே, அதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என்னிடமாவது ஒரு பிரதிதான் இருந்தது. நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்கள் ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று என்ஐஎச் 2023-லேயே சொல்லிவிட்டது. 2025-ல் இன்னொரு கூத்து. ரிவ்யூவர் எப்படியும் ஏஐயில்தான் போடப்போகிறார் என்று கணித்து, ‘நல்லபடியாக மட்டும் எழுது’ என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்த பேப்பர்களை ஜப்பானிய நிக்கேய் பத்திரிகை, ஜர்னலில் வருமுன்பே பேப்பர்களைப் போட்டு வைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் கண்டுபிடித்தது. திருடனும் போலீஸும் ஒரே மெஷினிடம் பேசிக்கொள்கிறார்கள்.

போன வாரம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. அப்ஸ்ட்ராக்டைப் பார்த்தேன், நாங்கள் செய்யாத பொருள், ஆனால் புரியும். என் மூன்றாம் வருஷ மாணவியைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று எடிட்டருக்கு எழுதினேன். மறுநாளே சரி என்று பதில், அவள் பெயரையும் மெயில் ஐடியையும் கேட்டிருந்தார். இருவரும் உட்கார்ந்து படித்தோம். அவள் எழுதி வந்ததில் பாதிக்கு மேல் ஆங்கிலப் பிழை, அதையெல்லாம் விட்டுவிட்டு, பொடி போடாமல் செய்து பார்க்கும் அவர்களுடைய பிளாங்க் சோதனையில் விளக்கு எத்தனை வாட் என்றே எழுதவில்லை என்று எனக்குத் தப்பிய ஒன்றைப் பிடித்திருந்தாள். அனுப்பினோம். நன்றி சொல்லி வந்த மெயிலில் இரண்டு பேர் பெயரும் இருந்தது.

அவள் போனை எடுத்து என் கம்ப்யூட்டர் திரையை ஒரு போட்டோ எடுத்தாள். “யாருக்கு?” என்றேன். “அம்மாவுக்கு மேம்.” வாங்கிப் பார்த்தேன். எங்கள் பெயருக்கு மேலே பேப்பரின் தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது. “மேல் பாதியை வெட்டிட்டு அனுப்பு” என்றேன். அங்கேயே நின்று, என் முன்னாலேயே வெட்டினாள்.